செல்வன் குகனின் பான்ஜோ அரங்கேற்றம்

பன்னீர்த் துளி முகத்தில் பட்டதும் அந்த வெள்ளைக்காரர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

மண்டபம் பழசு. ஒழுகுகிறது என்று நினைத்திருப்பார். தலையில் அகன்ற தொப்பி, கழுத்தில் முடிந்த சிவப்பு லேஞ்சி, காலில் கூர்மூக்குச் சப்பாத்து. ப்ளூகிராஸ் என்கிற அமெரிக்க நாட்டுப்புற இசை கேட்பதற்காக எசெக்ஸ் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தவர். அவருக்கு எதிரே என் மனைவி சறோ, மாம்பழ நிறக் காஞ்சிபுரம் உடுத்து, வெள்ளிப் பன்னீர்ச் செம்போடு நிற்கிறாள். அவர் ஓட்டையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் தரமும் தெளித்துவிட்டாள். பிறகு சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். மனிதர் விரலால் தொட்டார், மணந்தார், ருசி பார்க்க விரலை வாய்க்குக் கொண்டுபோனார். நான் பாய்ந்து தடுத்தேன்.

"இஞ்சேருங்கோ, அது பூசுறது, தின்னுறதில்லை எண்டு அந்தாளுக்குச் சொல்லுங்கோ" என்றாள் சறோ.

"எத்தினை பேருக்கு நிண்டு சொல்லுறது? இது கச்சேரி. கலியாண வீடில்லை."

"உங்களுக்கொண்டும் விளங்காது. போய்க் கதிரையளைப் பாருங்கோ."

போய்ப் பார்த்தேன். கதிரைகள் நிறையக் கிடந்தன. ஆட்கள்தான் இல்லை. கிழக்கு லண்டன் மனோர் பார்க்கில், முருகன் கோயிலுக்குச் சில தெரு தள்ளியிருக்கும் சமூக மண்டபம் அது. நிகழ்ச்சி ஆறு மணிக்கு. ஆறாகச் சில நிமிசங்களே இருந்தன. முன்வரிசையில் பத்துப் பதினைந்து வெள்ளைக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் தேவாலயத் தொப்பிகளோடு மூன்று கரீபியன் அம்மாமார். எங்கள் ஆட்கள் என்று எண்ண, நானும் சறோவும்தான்.

மேடையில் எங்கள் மகன் குகன் பான்ஜோவுக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு நாற்பத்தொரு வயது. தாடியில் நரை விழுந்துவிட்டது. ஆனால் சறோவின் கணக்கில் அன்றைக்கு அவனுக்கு அரங்கேற்றம்.

நான் பெற்றோல் ஷெட்டில் வேலை செய்ததைப் பற்றிப் போன கிழமை இந்தப் பத்தியில் எழுதிய கதையைப் படித்துவிட்டு, ஹறோவிலிருந்து ஒரு வாசகி ஆசிரியருக்கு முறைப்பாடு எழுதியிருக்கிறார். "இவர் தன்ரை மனுசியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் எழுதுறேல்லை" என்று. சரி அம்மா, இந்த வாரம் முழுக்க அவளைப் பற்றித்தான். நல்ல வார்த்தை வருமோ என்று கடைசிவரை படித்துப் பாருங்கள்.

வாசல் வேறு, கார் வேறு

லண்டனில் தமிழ்ப் பிள்ளைக்குத் தடுப்பூசி எப்படியோ, அரங்கேற்றமும் அப்படி. தப்ப முடியாது. பரதநாட்டியமோ பாட்டோ மிருதங்கமோ, சில வருடம் படித்ததும் ஒரு பெரிய மண்டபம் எடுத்து, சென்னையிலிருந்து பக்கவாத்தியக்காரரை இறக்கி, மேடையில் புகையடித்து, வாசலில் பிள்ளையின் ஆளுயரப் படம் வைத்துச் செய்து முடிக்க வேண்டும். பிள்ளை உடுப்பு மாற்றும் இடைவெளியில் பிரதம விருந்தினர் பேசுவார். கழுத்துச் சங்கிலியோடு ஒரு துணை மேயர் வந்து, ஒன்றும் விளங்காமல் சிரித்துக்கொண்டிருப்பார். மறுநாளிலிருந்து பிள்ளை சலங்கையைத் தொடாது. அதற்கு மருத்துவப் படிப்புக்கான பரீட்சை வந்துவிடும்.

சறோ போகாத அரங்கேற்றம் கிடையாது. மோர்டன், ஹறோ, குறொய்டன், எங்கே என்றாலும் போவாள். குகன் சின்னவனாயிருந்த காலத்தில் அவனையும் இழுத்துக்கொண்டு போவோம். அவன் வர்ணம் தொடங்கும்போது கதிரைக்குக் கீழே படுத்தால், மங்களம் பாடும்போது எழும்புவான்.

எல்லாம் முடிந்து வெளிக்கிடும்போது வாசலில் பிள்ளையின் தாயும் தகப்பனும் நிற்பார்கள். அவர்களிடம் முகம் காட்டாமல் போகக் கூடாது. முகம் காட்டினால் ஒரு வசனம் சொல்ல வேண்டும். அந்த வசனம் லண்டன் முழுக்க ஒன்றுதான்.

"பிள்ளை நல்ல வடிவாச் செய்தது."

தாய் கண்கலங்கி, "எல்லாம் முருகன்ரை செயல்" என்பாள். அதுவும் லண்டன் முழுக்க ஒன்றுதான்.

சறோ இந்த வசனத்தைத் தாயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொல்வாள். பக்கத்தில் நிற்கிற எனக்கே நெஞ்சு இளகும். பிறகு வந்து காரில் ஏறுவாள். பெல்ற்றைப் போடுவாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் தொடங்கும்.

"ஒரு இடத்திலையெண்டாலும் சுருதி சேர்ந்துதே? வயலின்காரன் இல்லாட்டிக் கதை கந்தல்."

"இப்பதானே வடிவாச் செய்தது எண்டனீர்?"

"அது வாசல். இது கார்."

வீடு வந்து சேரும்வரை பிரேதப் பரிசோதனை நடக்கும். சறோ சங்கீதம் படித்தவளில்லை. கேட்டுக் கேட்டே காது கூர்மையாகிவிட்டது. எந்தப் பாட்டில் எந்த இடத்தில் மிருதங்கம் ஓடியது, பெட்டை எங்கே மூச்சு விட்டாள், குரு எங்கே முறைத்தார், எல்லாம் வரிசையாக வரும். அவளுடைய அகராதியில் மிகப் பெரிய குற்றம் 'ஓடுறது'. தாளத்தைப் பிடித்து நடக்காமல் அவசரப்படுகிற பிள்ளைக்கு மன்னிப்பே கிடையாது. நான் பல வருடங்களாக இந்த வழக்கில் சாரதி.

தோசைக்கல்லுக்குக் கைபிடி

குகனுக்கும் அரங்கேற்றம் வைப்பதாகத்தான் இருந்தது. மிருதங்கம். ஆறேழு வருடம் படித்தான். வருகிற கோடையில் வைக்கலாம் என்று படிப்பித்த ஸேர் சொல்லிவிட்டார். சறோ மண்டபம் பார்க்கத் தொடங்கி, சேலைக்கு நிறமும் தீர்மானித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து, பதினாறு வயதில், ஒரு சனிக்கிழமை காலை பாண் தின்றுகொண்டிருந்தவன், "அம்மா, எனக்கு இனி ஏலாது" என்றான்.

ஏன் என்று கேட்டோம். இன்னொரு துண்டு பாணுக்கு ஜாம் பூசினான். அடுத்த மாதம் இல்ஃபர்ட்டில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து அதைக் கொண்டுவந்தான்.

"இதென்ன, தோசைக்கல்லுக்குக் கைபிடி போட்டுக் கிடக்கு?" என்று கேட்டாள் சறோ.

"பான்ஜோ, அம்மா."

"ஆர் வாசிக்கிறது?"

"நான்தான்."

அவள் போய்க் குசினிக் கதவைச் சாத்தினாள். அவன் மேலே அறையிலிருந்து வாசிப்பான். இவள் கீழே கதவைச் சாத்துவாள். அவன் பட்டம் படித்தான், வங்கியொன்றில் கம்பியூட்டர் வேலைக்குப் போனான், வீடு எடுத்துத் தனியாகப் போனான். கலியாணம் ஏன் செய்யவில்லை என்பது வேறு கதை, அதை எழுதினால் எனக்கு வீட்டில் சோறு கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான், பான்ஜோவையும் கொண்டுவருவான். வாசிப்பான். நல்லது என்றோ கூடாது என்றோ சறோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் காரில் விசாரணை வைக்கிறவள், தன் பிள்ளைக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

மோர்டனில் பத்மா அக்கா இருக்கிறா. மூன்று பெட்டையள், மூன்று அரங்கேற்றம். மூன்றுக்கும் போய், மூன்று வாசலிலும் சறோ அந்த வசனத்தைச் சொன்னாள். மூன்றாவது தரம் பத்மா அக்கா அவளுடைய கையை விடாமல், "உம்முடைய பெடியனும் விடாமல் செய்திருந்தால் எவ்வளவு சோக்கா இருந்திருக்கும், என்ன?" என்று கேட்டா.

அன்றைக்குக் காரில் பரிசோதனை நடக்கவில்லை. இல்ஃபர்ட் தாண்டியபிறகு அவள் சொன்னாள். "எத்தினை வாசலிலை நிண்டு எத்தினை பேருக்குச் சொல்லிப்போட்டன். எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே அப்பா."

நான் கையை நீட்டி ஹீற்றரைக் கூட்டிவிட்டேன்.

நோட்டீசும் அழைப்பிதழும்

இந்தக் கோடையில் குகன் எங்கள் வீட்டுப் பிறிட்ஜில் ஒரு நோட்டீசை ஒட்டிவிட்டுப் போனான். ஜூலியா என்று ஒரு பெண், நூலகத்தில் வேலை செய்கிறவ, வியாழக்கிழமைகளில் மனோர் பார்க் மண்டபத்தில் அக்கம்பக்கத்து வாத்தியக்காரரைச் சேர்த்து வாசிக்க வைப்பவ. அவ ஒழுங்கு செய்த சமூகக் கச்சேரி. ப்ளூஸுக்கும் ப்ளூகிராஸுக்கும் என்ன உறவு என்று பாடியும் பேசியும் ஆராயும் ஒரு மாலை. அனுமதி இலவசம், தேநீர் உண்டு. கீழே சின்ன எழுத்தில் இரண்டு பெயர்: கிட்டார் டெஸ்மண்ட், பான்ஜோ குகன்.

சறோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். மண்டபம். மேடை. மகனின் பெயர். அவளுக்கு அது போதும்.

பத்து நாளில், அவள் ஈஸ்ற்ஹாம் அச்சகத்தில் அடிப்பித்த அழைப்பிதழ் வந்தது. மஞ்சள் மட்டையில் பொன் எழுத்து. மேலே பிள்ளையார். 'எமது ஏக புத்திரன் செல்வன் குகனின் பான்ஜோ அரங்கேற்றத்திற்குத் தங்களைக் குடும்ப சமேதராய்...' என்று தொடங்கியது. நேரம் மாலை நாலரை.

"கச்சேரி ஆறுக்கல்லோ?" என்றேன்.

"நாலரை எண்டு போட்டால்தான் எங்கடை சனம் ஆறுக்கு வரும்."

குகனுக்கு ஒன்றைக் கொடுத்தோம். அவன் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அம்மா, இது அரங்கேற்றம் இல்லை. இட்ஸ் எ கம்யூனிட்டி கன்சேர்ட். ஜூலியா என்ன நினைப்பா?"

"அவவுக்கும் ஒரு கார்ட் வைச்சிருக்கிறன். சரி, குரு ஆர்?"

"குருவோ? இன்ரநெற் பார்த்துப் பழகினது."

"இன்ரநெற்றுக்குப் பொன்னாடை போர்க்கேலாது. ஆளைச் சொல்லு."

"ஆளில்லை அம்மா."

"பக்கத்திலை கிட்டார் வாசிக்கிற வயது போன மனுசன்?"

"டெஸ்மண்டோ? அவர் எனக்கு ஏசுறது மட்டும்தான்."

"ஏசுறவர்தானே குரு" என்று அவள் வழக்கை முடித்துவிட்டாள். முதல் அழைப்பிதழ் மோர்டனுக்குப் போனது. தபாலில் இல்லை, என் காரில்.

வேலிக்கு இரண்டு பக்கமும்

ஜூலியா ஆறு மணிக்கே தொடங்கிவிட்டா. ஆறு என்றால் ஆறு. வெள்ளைக்காரருடைய இந்தக் கெட்ட பழக்கம் எத்தனை வருடமானாலும் எனக்குப் பழகவில்லை. "ஒரு பத்து நிமிசம் பொறுக்கச் சொல்லுங்கோ" என்று வாசலிலிருந்து சறோ எனக்குக் கையைக் காட்டினாள். நான் எழும்புவதற்குள் டெஸ்மண்ட் மைக்கைப் பிடித்துவிட்டார்.

டெஸ்மண்ட் பார்படோஸில் பிறந்து, சின்ன வயதில் லண்டன் வந்து, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரிய அலங்காரப் பிரியர். அன்றைக்கு ஊதாக் கோட்டும் அதற்கேற்ற இறகு வைத்த தொப்பியும். பாட்டுக்குப் பாட்டு இடையில் தன் பிம்பத்தைக் கிட்டாரின் பளபளப்பில் பார்த்துக்கொள்வார்.

அவர் சொன்னது இதுதான். பான்ஜோவை ப்ளூகிராஸ்காரருடைய, மலைப்பக்கத்து வெள்ளைக்காரருடைய வாத்தியம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் சுரைக்குடுக்கையில் தோல் கட்டி நரம்பு பூட்டி அதை முதலில் வாசித்தவர்கள், ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்ட சனம். வெள்ளைக்காரர் கேட்டார்கள், பிடித்தது, எடுத்துக்கொண்டார்கள். காலப்போக்கில் கறுப்பர் அதை விட்டுவிட்டுக் கிட்டாரைப் பிடித்தார்கள், ப்ளூஸ் வந்தது. பிறகு இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று சொந்தமில்லாதது போல நடந்துகொண்டன.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஒரே வளவைப் பிரித்து வேலி போட்ட அண்ணன் தம்பியின் கதை. முகம் பார்க்கமாட்டார்கள். வழக்கு நடக்கும். ஆனால் கிணறு பங்குக் கிணறு, இரண்டு வீட்டுக்கும் ஒரே தண்ணி. யாழ்ப்பாணத்தவனுக்கு இதை ஒரு வரியில் சொல்லலாம். சொல்வதற்குத்தான் ஒரு யாழ்ப்பாணத்தவனையும் காணவில்லை.

பாட்டுத் தொடங்கியது. டெஸ்மண்டின் குரல் கரகரவென்று அடியிலிருந்து வந்தது. குகனின் விரல்கள் பான்ஜோவில் ஓடின. ஒரு பாட்டை டெஸ்மண்ட் மெதுவாக, அழுவது போலப் பாடுவார். அதே பாட்டைக் குகன் பிடித்து, குதிரை வேகத்தில் ப்ளூகிராஸாகத் திருப்பிக் கொடுப்பான். மூன்றாவதாக, வராத ரயிலுக்குக் காத்திருக்கும் ஒருவனின் பாட்டு. எசெக்ஸ் தொப்பிக்காரர் காலால் தரையைத் தட்டினார். கரீபியன் அம்மாமார் 'ம்ம்' என்று பதில் சொன்னார்கள்.

நான் வாசலைப் பார்த்தேன். சறோ மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள். பன்னீர்ச் செம்பு கையில். ஒரு கார் மெதுவானால் ஓரடி முன்னே போவாள். அது போய்விட்டால் ஓரடி பின்னே வருவாள். எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பிப் போனேன்.

"உள்ளை வாரும் சறோ. கால் உளையப் போகுது."

"வருவினம்."

"பெடியன் வாசிக்கிறான். வந்து கேளும்."

"நான் எல்லாற்றை வீட்டுக்கும் போனனான். வருவினம்" என்றாள். செம்பை மற்றக் கைக்கு மாற்றினாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்று அவளோடு சேர்ந்து தெருவைப் பார்த்தேன்.

பாதியில் ஏற்றிய விளக்கு

அவளுடைய கணக்கில் பிழையில்லை. எல்லாரும் அதே கணக்குத் தெரிந்தவர்கள் என்பதைத்தான் அவள் மறந்துவிட்டாள். நாலரை என்று போட்டால் ஆறுக்கு விளக்கேற்றுவார்கள், ஏழுக்குத்தான் பிரதம விருந்தினர் எழும்புவார், அதற்குள் போனால் சரி என்று லண்டனின் எல்லாத் திசையிலும் எங்கள் சனம் ஆறுதலாகச் சேலை மடிப்பு எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஜூலியா இடைவேளை சொல்லித் தேத்தண்ணி ஊற்றப் போன நேரம், வந்தார்கள். ஒருவர் இருவரல்ல. தெரு முழுக்கக் கார். கதவு திறக்கத் திறக்கப் பட்டு. மல்லிகைப்பூ மணம் மண்டபத்துக்குள் முதலில் வந்தது, பிறகு சனம் வந்தது. சறோ பன்னீர் தெளித்துத் தெளித்துச் செம்பு காலி, குழாய்த் தண்ணியை நிரப்பிக்கொண்டு வந்து தெளித்தாள். தொப்பிக்காரர் மரியாதைக்கு எழும்பி நின்றவர், கதிரையை இழந்துவிட்டார்.

"என்ன சறோ, இன்னும் தொடங்கேல்லையோ?" என்று பத்மா அக்கா கேட்டா.

"உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டனாங்கள்" என்றாள் சறோ, கூசாமல்.

பாதிக் கச்சேரி முடிந்தபிறகு மங்கள விளக்கு ஏற்றியது உலகத்திலேயே இதுதான் முதல் தரமாக இருக்கும். ஜூலியாவுக்கு ஒரே பூரிப்பு. சமூகம் என்று நோட்டீசில் போடுகிறவர்களுக்குச் சமூகம் உண்மையாகவே வந்துவிட்டால் எவ்வளவு அதிர்ச்சி! அவ ஒரு திரி, தொப்பிக்காரர் ஒரு திரி ஏற்றினார்கள்.

பிறகு பிரதம விருந்தினர். பத்மா அக்காவின் கணவர்தான், பல் டொக்டர். மற்றவர்களை வாய் திறக்க வைத்துப் பழகியவர், தன் வாயை மூடப் பழகவில்லை. பான்ஜோவை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டிருப்பார். அது அவரைத் தடுக்கவில்லை.

"பான்ஜோ எண்ட பெயர் எங்கையிருந்து வந்தது? பாணர்! சங்க காலத்துப் பாணர் வாசிச்சதாலை பான்ஜோ. எங்கடை யாழ்தான் கடல் கடந்து போய் இப்பிடி நிக்குது. இதை நான் சொல்லேல்லை. வரலாறு சொல்லுது!"

சனம் கை தட்டியது. டெஸ்மண்ட் மேடை ஓரத்தில் குனிந்து, அவர் என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். நான் உள்ளதை உள்ளபடியே இங்கிலீஷில் சொன்னேன். அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"அந்த வாத்தியத்துக்கு ஏற்கெனவே உரிமை கேட்டு நிறையப் பேர் நிற்கிறார்கள்" என்றார். "உன் சிநேகிதரை வரிசையில் கடைசியாக நிற்கச் சொல்லு."

அதை நான் தமிழாக்கவில்லை. அதற்குள் சறோ பொன்னாடையோடு மேடையேறிவிட்டாள். குருவைக் கௌரவிக்கிறோம் என்று டொக்டர் அறிவித்தார். டெஸ்மண்ட் சரிகைக் கரையைத் தடவிப் பார்த்தார், ஊதாக் கோட்டோடு பொருந்துகிறதா என்று கிட்டாரில் பார்த்தார், பிடித்துவிட்டது. மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"இவனுக்கு நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. யார் சொல்லியும் கேட்கிற ஆளில்லை இவன்" என்றார்.

"குரு தன்னடக்கத்தோடை பேசுறார்" என்று டொக்டர் தமிழில் விளக்கினார். சனம் இன்னும் பலமாகக் கை தட்டியது.

இரண்டாம் பாதியில் எங்கள் சனம் அரங்கேற்றத்தில் இருப்பது போலவே இருந்தது. நிமிர்ந்த முதுகு, தொடையில் தாளம், மடியில் கைப்பை. ஒரு பெரியவர் விரல் மடித்துத் தாளத்தை எண்ணிப் பார்த்து, "ஆதிதான், ஆதிதான்" என்று பக்கத்தவருக்கு உத்தரவாதம் கொடுத்தார். வெள்ளைக்காரர் ஒரு இடத்தில் கை தட்ட, இவர்கள் வேறு இடத்தில் தொடையில் தட்ட, இரண்டுக்கும் நடுவில் குகன் வாசித்துக்கொண்டு போனான். இரண்டாவது பாட்டிலேயே பத்மா அக்காவின் தலை சரிந்தது. மூன்றாவதில் வாயும் திறந்துகொண்டது. சறோ இன்னமும் இருக்கவில்லை. வடைத் தட்டு, கதிரை, தேத்தண்ணி என்று பின்பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள். இந்த மனுசி தன் மகனின் ஒரு பாட்டையாவது கேட்டாளா என்று எனக்குக் கோபமாக வந்தது.

வாசல்

எட்டரைக்கு எல்லாம் முடிந்தது. கோடைகாலமானபடியால் வெளியே இன்னும் வெளிச்சம். சறோ என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வாசலில் நிறுத்தினாள். சேலையைச் சரி செய்தாள். வரிசை வந்தது.

முதலில் பத்மா அக்கா. கொண்டை ஒரு பக்கம் நசிந்திருந்தது. சறோவின் இரண்டு கைகளையும் பிடித்தா.

"பிள்ளை நல்ல வடிவாச் செய்தது."

சறோ அந்தக் கைகளை விடவில்லை. எவ்வளவு காலமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாளோ தெரியாது. ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"எல்லாம் முருகன்ரை செயல்."

பிறகு அடுத்தவர், அதற்கடுத்தவர். ஒவ்வொருவரும் அதே வசனம். அவளும் அதே பதில். கடைசியாகத் தொப்பிக்காரர் வந்தார். நெற்றியில் சந்தனம், கையில் ஒரு வடை. எல்லாரும் ஏதோ சொல்லிவிட்டுப் போவதைக் கண்டு தானும் சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அவளுடைய கையைப் பிடித்து, உங்கள் மகன் அருமையாக வாசித்தார் என்றார் இங்கிலீஷில். அவருக்கும் சறோ தமிழில்தான் பதில் சொன்னாள். அவர் விளங்கியவர் போலத் தலையாட்டினார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏமாற்று என்று தெரிந்த ஒன்றுக்கு ஏன் கண் கலங்குகிறது என்று என்னைக் கேட்காதீர்கள்.

கார்

குகனையும் எங்களோடு ஏற்றிக்கொண்டோம். குத்துவிளக்குச் சரியாமல் மடியில் வைத்திருக்க ஆள் வேண்டும். அவன் பின்சீட்டில் விளக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தான். பான்ஜோ டிக்கிக்குள். சறோ முன்னால் ஏறினாள். பெல்ற்றைப் போட்டாள். கதவைச் சாத்தினாள்.

இல்ஃபர்ட் சிக்னலில் நான்தான் தொடங்கினேன்.

"இப்ப சந்தோசம்தானே?"

"பத்மா அக்கா நித்திரை கொண்டவ" என்றாள்.

"நீர் கண்டனீரோ?"

"கண்டனான். குறட்டையும் விட்டவ."

நான் ஹீற்றரைக் கூட்டப் போனேன். கோடையில் அது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

"குகன்."

"என்னம்மா?"

"முதல் பாதியிலை அந்த ரயில் பாட்டு. நீ ஓடிட்டாய்."

நான் கண்ணாடியில் பார்த்தேன். குகன் விளக்கை இறுக்கிப் பிடித்திருந்தான்.

"அந்தக் கிட்டார் மனுசன் உன்னைப் பிடிச்சுப் பிடிச்சு இழுத்துப் பார்த்தவர். ரெண்டு தரம் வேகத்தைக் குறைச்சு வாசிச்சுக் காட்டினவர். நீ காதிலை விழுத்தேல்லை. கடைசி மட்டும் ஓட்டம்தான்."

தெருவைப் பார்த்து நின்றவளின் முதுகு எனக்கு நினைவுக்கு வந்தது. ஓரடி முன்னே, ஓரடி பின்னே.

குகன் விளக்கோடு முன்னால் சாய்ந்தான். எங்கள் இரண்டு சீட்டுக்கும் நடுவில் அவனுடைய நரைத் தாடி வந்தது.

"டெஸ்மண்டும் அதைத்தான் சொல்லி ஏசுறவர்" என்றான். "மற்றப் பாட்டுகள், அம்மா?"

"பொறு. ஒவ்வொண்டாச் சொல்லிக்கொண்டு வாறன்."

குட்மேய்ஸில் எங்கள் தெரு வந்தது. நான் காரைத் திருப்பாமல் நேரே றொம்ஃபர்ட் பக்கம் விட்டேன். இரண்டு பேரும் கவனிக்கவில்லை.